ஹாதார்ன் ஆலையில் 14 பேர்

ஹாதார்ன் ஆய்வு என்றாலே எல்லோரும் விளக்கு வெளிச்சக் கதையைத்தான் சொல்வார்கள். எனக்கென்னவோ அதே ஆலையில் கடைசியாக நடந்த ஆய்வுதான் சுவாரஸ்யமாகப் படுகிறது.

சிகாகோவை ஒட்டிய சிசரோ ஊரில் இருந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலை அது. டெலிபோன் சாதனங்கள் செய்கிற இடம். 1931 நவம்பரில், வயரிங் பிரிவிலிருந்து 14 ஆண்களைப் பிரித்து ஒரு தனி அறையில் உட்கார வைத்தார்கள். வயரிங்குக்கு 9 பேர், சால்டரிங்குக்கு 3 பேர், சரிபார்க்க 2 பேர். எதையும் மாற்றவில்லை, ஓரமாக ஒருவர் உட்கார்ந்து கவனித்தார், அவ்வளவுதான். (ஆலோசனை சொன்ன லாயிட் வார்னர், ஆஸ்திரேலியப் பழங்குடிகளை ஆராய்ந்துவிட்டு வந்த மானுடவியலாளர். பொருத்தமான ஆள்தான்!)

சம்பளம் குழுவின் மொத்த உற்பத்தியைப் பொறுத்தது. அதிகம் செய்தால் எல்லோருக்கும் அதிகக் கூலி. நிர்வாகம் வைத்த இலக்கு ஒரு நாளைக்கு 7,312 இணைப்புகள். ஆனால் அவர்களுக்குள் பேசிவைத்த அளவு 6,000 முதல் 6,600 வரைதான். அதைத் தாண்டினால் கிண்டல், பட்டப்பெயர், அப்புறம் புஜத்தில் ஒரு குத்து. ரொம்பக் குறைவாகச் செய்தாலும் ஏச்சுதான். மேலதிகாரியிடம் போட்டுக்கொடுத்தவனைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு விஷயம். எல்லோருக்கும் அறிவுத்திறன், கைவேகச் சோதனைகள் வைத்திருந்தார்கள். அறையிலேயே குறைவாக உற்பத்தி செய்தவர் அறிவுத்திறனில் முதலிடம், கைவேகத்தில் மூன்றாமிடம்! நம் டீம்களில் ஒருவர் மந்தமாக இருந்தால் ‘ஆளே அப்படித்தான்’ என்று அப்ரைசலில் எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். அவர் எந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கிறார், யார் யாரைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிறார் என்று யார் கேட்கிறோம்?

அதற்காகச் சூழலே எல்லாம் என்று சொல்லிவிடவும் முடியாது. பதிவுகளில் டபிள்யூ-2 என்று குறிக்கப்படும் ஒருவர் யார் சொன்னதையும் சட்டை செய்யாமல் வரம்புக்கு மேலே செய்துகொண்டிருந்தார். இரண்டு கோஷ்டியிலும் அவர் இல்லை. அதே அறை, அதே கூலி, வேறு குணம். ஆனால் 14 பேரில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணலாம்.

அவர்கள் ஏன் வேகத்தை அடக்கினார்கள்? அதிகம் செய்தால் ரேட்டைக் குறைப்பார்கள், இல்லை ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம். படித்தவர்கள் சிலர் இதை அறிவுக்கு ஒவ்வாத பயம் என்று எழுதினார்கள். வெளியே பெருமந்தம் நடந்துகொண்டிருந்ததை மறந்துவிட்டார்கள் போல. 1932 மே மாதம் அந்த அறையையே மூடினார்கள். காரணம், வேலை இல்லை.