ஹெல்ம்ஸ்–பர்ட்டன் சட்டம்

கியூபா மீதான அமெரிக்க வணிகத் தடையைப் பிற நாட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும்படி நீட்டித்த அமெரிக்கச் சட்டம் இது. 1996 மார்ச் 12 அன்று அதிபர் பில் கிளிண்டன் கையெழுத்திட்டார். கியூபாவின் விடுதலைக்கும் மக்களாட்சிக்கும் துணைநிற்பதற்கான சட்டம் என்பது அதன் முறையான பெயர். முன்மொழிந்த செனட்டர் ஜெசி ஹெல்ம்ஸ், பிரதிநிதிகள் அவை உறுப்பினர் டான் பர்ட்டன் ஆகியோரின் பெயராலேயே அது அறியப்படுகிறது. ஒரு நாடு தன் குடிமக்களை இன்னொரு நாட்டோடு வணிகம் செய்யவிடாமல் தடுப்பது அதன் உரிமைக்குட்பட்டது. ஆனால் ஸ்பெயின்காரர் கியூபாவில் ஓட்டல் நடத்தலாமா, கனடாக்காரர் அங்கே நிக்கல் எடுக்கலாமா என்பதை வாஷிங்டன் முடிவு செய்ய முடியுமா என்ற கேள்வியைத்தான் இச்சட்டம் எழுப்பியது. கால் நூற்றாண்டு கடந்தும் அதற்கு உறுதியான விடை கிடைக்கவில்லை.

பின்னணி

1959 புரட்சிக்குப் பின் ஃபிடல் காஸ்ட்ரோ அரசு கரும்பாலைகள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், மின் நிறுவனம், தொலைபேசி, துறைமுகங்கள் என்று அமெரிக்கருக்குச் சொந்தமான பலவற்றையும் நாட்டுடைமையாக்கியது. 1960 அக்டோபரில் அதிபர் ஐசனோவர் கியூபாவுக்கான பெரும்பாலான ஏற்றுமதியை நிறுத்தினார். 1962 பிப்ரவரியில் கென்னடி அதை முழுத் தடையாக்கினார். சொத்தை இழந்தவர்களின் கோரிக்கைகளை ஆராய்ந்த அமெரிக்க ஆணையம் 5,913 கோரிக்கைகளை ஏற்றுச் சான்றளித்தது. அவற்றின் அசல் மதிப்பு ஏறத்தாழ 190 கோடி டாலர்.

சோவியத் ஒன்றியம் சிதைந்து கியூபாவின் பொருளாதாரம் நிலைகுலைந்தபோது தடையை இன்னும் இறுக்கினால் ஆட்சி கவிழும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் பலர் நம்பினார்கள். 1992-இன் டாரிசெல்லி சட்டம் அமெரிக்க நிறுவனங்களின் வெளிநாட்டுத் துணை நிறுவனங்களும் கியூபாவோடு வணிகம் செய்யக் கூடாது என்றது. கியூபத் துறைமுகத்தைத் தொட்ட கப்பல் 180 நாள்களுக்கு அமெரிக்காவில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ முடியாது என்றும் விதித்தது. அடுத்த படியாக வந்த ஹெல்ம்ஸ்–பர்ட்டன் மசோதாவை முதலில் கிளிண்டன் விரும்பவில்லை. 1996 பிப்ரவரி 24 அன்று மயாமியிலிருந்து இயங்கிய கியூப எதிர்ப்பாளர் அமைப்பொன்றின் இரண்டு சிறு விமானங்களைக் கியூபப் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது, நால்வர் இறந்தார்கள். அதன்பின் எதிர்ப்புக்கு இடமில்லாமல் போயிற்று. அது தேர்தல் ஆண்டும்கூட.

சட்டம் சொல்வது

சட்டத்துக்கு நான்கு பிரிவுகள். முதல் பிரிவு தடையையே சட்டமாக்கிவிட்டது. அதுவரை அதிபரின் ஆணையால் நின்ற தடையை இனி நாடாளுமன்றம் மட்டுமே முழுதாக விலக்க முடியும். 2014-க்குப் பின் கியூபாவோடு உறவைப் புதுப்பித்த ஒபாமாவால் உரிமங்களைத் தளர்த்த முடிந்தது, தடையை நீக்க முடியவில்லை. அதற்குக் காரணம் இந்தப் பிரிவுதான். இரண்டாம் பிரிவு, எத்தகைய கியூப அரசு வந்தால் தடை விலகும் என்று நிபந்தனை விதிக்கிறது. ஃபிடலும் ராவுல் காஸ்ட்ரோவும் அதில் இருக்கக் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது.

வெளிநாட்டு நிறுவனங்களைத் தாக்குபவை மூன்றாம், நான்காம் பிரிவுகள். பறிமுதலான சொத்தைத் தெரிந்தே வாங்குவோர், விற்போர், பயன்படுத்துவோர், அதிலிருந்து ஆதாயம் பெறுவோர் எவராயினும், பழைய உரிமையாளர் அவர்மீது அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம் என்கிறது மூன்றாம் பிரிவு. சொத்தின் மதிப்பு 50,000 டாலரைத் தாண்டியிருக்க வேண்டும். இழப்பீடு மூன்று மடங்குவரை போகலாம். பறிமுதலானபோது கியூபக் குடிமகனாக இருந்து பின்னர் அமெரிக்கரானவருக்கும் இந்த உரிமை உண்டு. பன்னாட்டுச் சட்ட வழக்கத்துக்கு இது புறம்பானது என்று ஐரோப்பா அழுத்திச் சொன்னது சரிதான். சொத்துப் பறிபோன காலத்தில் யார் எந்த நாட்டுக் குடிமகனோ, அந்த நாடுதான் அவருக்காகப் பேச முடியும் என்பது நெடுநாளைய மரபு.

நான்காம் பிரிவு, அத்தகைய நிறுவனத்தின் உயர் அதிகாரிகளுக்கும் பெரும்பங்குதாரர்களுக்கும் அவர்களின் மனைவி அல்லது கணவன், வயது வராத பிள்ளைகள் ஆகியோருக்கும் விசா மறுக்கிறது. இதில் முதலில் சிக்கியது கியூபாவின் மோவாவில் நிக்கல் எடுத்த கனடாவின் ஷெரிட் நிறுவனம். 2020-இல் ஸ்பெயினின் மெலியா ஓட்டல் குழுமத்தின் தலைமைச் செயல் அதிகாரியும் இப்பட்டியலில் சேர்ந்தார்.

இரண்டு சட்டங்களுக்கு நடுவே

மூன்றாம் பிரிவை ஆறு ஆறு மாதமாக நிறுத்திவைக்க அதிபருக்கு அதிகாரம் உண்டு. கிளிண்டன், புஷ், ஒபாமா மூவரும், தொடக்கத்தில் டிரம்பும் தவறாமல் அதைச் செய்தார்கள். ஆகவே 1996 முதல் 2019 வரை இப்பிரிவின்கீழ் ஒரு வழக்குகூட நடக்க முடியவில்லை. ஆனாலும் சட்டம் சும்மா இருக்கவில்லை. மெக்சிகோவின் செமெக்ஸ் சிமென்ட் நிறுவனம் கியூபாவிலிருந்து வெளியேறியது. கியூபத் தொலைபேசியில் முதலிட்டிருந்த இத்தாலியின் ஸ்டெட் நிறுவனம் பழைய உரிமையாளரான அமெரிக்காவின் ஐடிடி-யோடு பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இந்தச் சட்டம் செயல்படும் விதத்தைப் புரிந்துகொள்ள நீதிமன்றத் தீர்ப்புகளைவிட நிறுவனங்களின் அச்சத்தைப் பார்ப்பதே சரியான வழி.

ஐரோப்பிய ஒன்றியம் 1996 நவம்பரில் 2271/96 எண் ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. அதன்படி ஐரோப்பிய நிறுவனம் இந்த அமெரிக்கச் சட்டத்துக்குக் கீழ்ப்படிவதே குற்றம். அமெரிக்கத் தீர்ப்பு ஐரோப்பாவில் செல்லாது. இழந்த பணத்தை வழக்காடியவரின் ஐரோப்பியச் சொத்திலிருந்து திரும்பப் பெறலாம். கனடாவும் மெக்சிகோவும் இதே போன்ற தடுப்புச் சட்டங்கள் இயற்றின. ஐரோப்பா உலக வணிக அமைப்பிலும் முறையிட்டது. 1997-இல் நிறுத்திவைக்கப்பட்ட அந்த வழக்கு முடிவு காணாமலே 1998-இல் காலாவதியானது; அதே ஆண்டு லண்டனில் இரு தரப்பும் ஓர் உடன்பாட்டை எட்டின.

1997-இல் கனடாவின் வால்மார்ட் கடைகளில் கியூபாவில் தைத்த பைஜாமாக்கள் விற்பனைக்கு இருந்தன. அமெரிக்கத் தடைக்கு அஞ்சி நிர்வாகம் அவற்றை அலமாரிகளிலிருந்து எடுத்துவிட்டது. எடுத்ததே கனடாச் சட்டப்படி குற்றம் என்றும், அபராதம் 15 லட்சம் கனடா டாலர்வரை போகலாம் என்றும் பேச்சு எழுந்தது. சில நாள்களில் பைஜாமாக்கள் திரும்ப வந்தன. விற்றாலும் குற்றம், விற்காவிட்டாலும் குற்றம். மெக்சிகோ நகரத்தில் 2006-இல் ஷெரட்டன் ஓட்டல் ஒன்று, அமெரிக்கத் தடைக்குப் பணிந்து, அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தாரைச் சந்திக்க வந்திருந்த கியூப அதிகாரிகளை வெளியேற்றியது. மெக்சிகோ அரசு அந்த ஓட்டலுக்கு அபராதம் விதித்தது. 2007-இல் அமெரிக்க முதலீட்டாளர் கைக்கு மாறவிருந்த ஆஸ்திரியாவின் பாவாக் வங்கி, கியூபர்களின் கணக்குகளை மூடியது. ஆஸ்திரிய அரசு நடவடிக்கை தொடங்கியது. அமெரிக்கா விலக்கு அளித்த பிறகே கணக்குகள் மீண்டும் திறக்கப்பட்டன.

தொழில்நுட்பத்திலும் இந்தக் கெடுபிடி உண்டு. அமெரிக்க உதிரிபாகங்கள் பத்து விழுக்காட்டுக்கு மேல் உள்ள பொருள் கியூபாவுக்குப் போக உரிமம் வேண்டும். கியூபக் கடலில் எண்ணெய் தேட ஸ்பெயினின் ரெப்சால் 2012-இல் பயன்படுத்திய ஸ்கராபியோ 9 என்ற துளையிடு மேடை, இந்த வரம்புக்குள் அடங்கும்படி சீனாவில் கட்டப்பட்டது. முதல் கிணற்றில் எண்ணெய் கிடைக்கவில்லை. அந்தக் கூட்டு முயற்சியில் இந்தியாவின் ஓஎன்ஜிசி விதேஷுக்கும் பங்கு இருந்தது.

எல்லாவற்றையும்விட வலுவான பிடி டாலர்தான். கியூபாவுக்கான பணம் ஜெனீவாவிலிருந்து பாரிசுக்குப் போனாலும், டாலரில் என்றால் வழியில் நியூயார்க் வங்கியைத் தொட வேண்டியிருக்கும். அந்த இடத்தில் அமெரிக்கச் சட்டம் பிடித்துக்கொள்கிறது. சூடான், ஈரான், கியூபா ஆகிய நாடுகளுக்கான பணமாற்றங்களை மறைத்ததற்காக 2014-இல் பிரான்சின் பிஎன்பி பாரிபா வங்கி குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏறத்தாழ 890 கோடி டாலர் செலுத்தியது. அது ஹெல்ம்ஸ்–பர்ட்டன் வழக்கல்ல; பழைய தடைச் சட்டங்களின்கீழ் வந்தது. ஆனால் அதன்பின் கியூபா என்ற பெயரைக் கண்டாலே, சட்டப்படி அனுமதிக்கப்பட்ட மருந்து, உணவு வணிகத்துக்கான பணத்தைக்கூடக் கையாள வங்கிகள் தயங்குகின்றன. இந்த அதீத எச்சரிக்கையை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. அதனால் உண்டாகும் துன்பம் கியூபக் குடும்பங்களின் தலையில்தான் விழுகிறது.

2019-க்குப் பின்

2019 மே 2 அன்று டிரம்ப் அரசு மூன்றாம் பிரிவை முதல்முறையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அன்றே வழக்குகள் பதிவாயின. ஹவானா துறைமுக மேடைகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு நடத்தும் உரிமையைப் பறிமுதலுக்கு முன் பெற்றிருந்த ஹவானா டாக்ஸ் நிறுவனம் நான்கு சொகுசுக் கப்பல் நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது. அவற்றுள் எம்எஸ்சி சுவிட்சர்லாந்தில் தலைமையகம் கொண்டது. ஒபாமா அரசு அனுமதித்த பயணங்களுக்காகவே அவை அங்கே போயிருந்தன. 2022 டிசம்பரில் மயாமி நீதிமன்றம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தச் சொத்துக்கு ஆணையம் இட்ட மதிப்போ ஏறத்தாழ 92 லட்சம் டாலர்தான். அந்த உரிமையின் காலம் எப்படியும் 2004-இல் முடிந்திருக்கும் என்று காரணம் காட்டி 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2025-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவ்வழக்கை விசாரணைக்கு ஏற்றது. அதே ஆண்டு ஜனவரியில் பதவிக்காலம் முடியும் முன் அதிபர் பைடன் மூன்றாம் பிரிவை மீண்டும் நிறுத்திவைக்க முனைந்ததை, டிரம்ப் அரசு சில நாள்களிலேயே ரத்து செய்தது.

ஐரோப்பாவின் தடுப்புச் சட்டத்துக்கு எவ்வளவு பலம் என்பதை 2021 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஓரளவு அளந்தது. அச்சட்டம் ஈரான் மீதான அமெரிக்கத் தடைகளுக்கும் பொருந்தும்; ஈரானின் மெல்லி வங்கியோடு இருந்த தொலைபேசி ஒப்பந்தத்தை ஜெர்மனியின் டெலிகாம் நிறுவனம் முறித்த வழக்கு அது. அமெரிக்கத் தடைக்குப் பணிந்து முறித்ததாகத் தோன்றினால், அப்படியில்லை என்று நிறுவனம்தான் மெய்ப்பிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஆனால் கீழ்ப்படியாவிட்டால் நிறுவனத்துக்கு வரும் இழப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. அமெரிக்கச் சந்தையை நம்பியிருக்கும் பெரிய நிறுவனம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

கியூபா மீதான தடையை விலக்கக் கோரும் தீர்மானம் 1992 முதல் பெரும்பாலும் ஆண்டுதோறும் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறி வருகிறது. 2024-இல் ஆதரவு 187, எதிர்ப்பு 2. 2025-இல் ஆதரவு 165 ஆகக் குறைந்தது. அத்தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது.

இதற்கிடையே, சொத்திழந்தவர்களின் நியாயம் மறந்துபோகிறது. இழப்பீடு கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. பிரான்ஸ், பிரிட்டன், கனடா, ஸ்பெயின் போன்ற நாடுகள் கியூபாவோடு நேரடியாகப் பேசித் தம் குடிமக்களுக்கு மொத்தத் தொகையாக இழப்பீடு வாங்கிக் கொடுத்தன. ஸ்பெயினின் உடன்பாடு 1986-இல் ஏற்பட்டது. அமெரிக்காவும் கியூபாவும் அப்படியொரு உடன்பாட்டை இன்றுவரை எட்டவில்லை. ஒபாமா காலத்தில் 2015 டிசம்பரில் ஹவானாவில் தொடங்கிய பேச்சு முடிவை எட்டாமல் நின்றுபோனதால், சான்றளிக்கப்பட்ட கோரிக்கைகள் தீர்வில்லாமலே கிடக்கின்றன.