பாய்மரப் படகுக்கு எந்த லேப்டாப்?

பாய்மரப் படகுக்கு லேப்டாப் வாங்கும்போது வேகம் இரண்டாம்பட்சம். படகின் 12 வோல்ட் பேட்டரியில் எத்தனை வாட் தின்னும், உப்புக்காற்றை உள்ளே இழுக்கும் ஃபேன் உண்டா என்பதுதான் முதல் கேள்வி.

சோழமண்டலக் கரை மாலுமிகளிடம் கரண்டே கேட்காத கருவி ஒன்று இருந்தது: ராப்பலகை. சிறு பலகை, அதன் நடுவே முடிச்சுக் கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்து, பலகையின் அடிவிளிம்பைத் தொடுவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்துவார்கள். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ, அந்த ஊரின் அட்சரேகையில் கப்பல் நிற்கிறது. கயிறுதான் அவர்களுடைய ஹார்ட் டிஸ்க். இம்மாலுமிகளின் உத்திகளை 1850இல் கேப்டன் காங்கிரீவ் எழுதிவைத்தார்.

மேகம் மூடினால் ராப்பலகை உதவாது. பேட்டரி தீர்ந்தால் லேப்டாப் உதவாது. நல்ல லேப்டாப்பா வாங்குங்க. கூடவே காகித வரைபடமும் வெச்சுக்கோங்க. நடுக்கடலில் சர்வீஸ் சென்டர் கிடையாது.