கம்ப்யூட்டர் தூசியும் ஓசோன் ஓட்டையும்

கீபோர்டு இடுக்குகளில் சேர்ந்த தூசியை ஊதித் தள்ளும் டப்பாக்களைச் சிலர் பார்த்திருக்கலாம். "கம்ப்ரஸ்டு ஏர்" என்றுதான் அதைச் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலான டப்பாக்களுக்குள் இருப்பது காற்றே அல்ல! அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட வாயு. பொத்தானை அழுத்தியதும் அது ஆவியாகிச் சீறும். அதற்கு வேண்டிய வெப்பத்தை டப்பாவிலிருந்தே எடுத்துக்கொள்வதால் கை சில்லிடுகிறது. தலைகீழாகப் பிடித்தால் திரவமே வெளியே வந்து தோலைப் புண்ணாக்கிவிடும்.

அது என்ன வாயு? அங்கேதான் கதை இருக்கிறது.

1920களில் குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியா, சல்பர் டை ஆக்சைடு போன்றவை ஓடின. கசிந்தால் ஆபத்து. 1928ல் ஜெனரல் மோட்டார்ஸுக்காக மாற்று தேடிய தாமஸ் மிட்ஜ்லியின் குழு சிஎஃப்சி-12 என்ற வாயுவைத் தேர்ந்தெடுத்தது. 1930ல் அமெரிக்க வேதியியலாளர்கள் முன்னால் மிட்ஜ்லி அதை மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். நச்சும் இல்லை, எரியவும் எரியாது என்று ஒரே ஊதலில் நிரூபணம்! (பெட்ரோலில் ஈயத்தைக் கலக்க வைத்தவரும் இதே மனிதர்தான்.)

இரண்டாம் உலகப்போரில் பூச்சிமருந்து தெளிக்கும் டப்பாக்களில் புகுந்த இந்த வாயு, பிறகு ஹேர் ஸ்பிரே முதல் கேமரா, மின்னணுக் கருவிகளைத் துடைப்பது வரை பரவியது. எதனோடும் எளிதில் வினைபுரியாத குணம் சர்க்யூட் போர்டுக்கு வரம். ஆனால் அதே குணத்தால்தான் அது கீழே எங்கும் சிதையாமல் வளிமண்டலத்தின் மேலடுக்குக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே புற ஊதாக் கதிர் பட்டுப் பிரியும் குளோரின் ஓசோனை அழிக்கும் என்று 1974ல் மொலினாவும் ரோலண்டும் எழுதினார்கள். 1985ல் அண்டார்டிகா மேலே ஓசோன் ஓட்டை தெரியவந்தது. 1987ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். 1990ல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தூய காற்றுச் சட்டமோ, வீட்டு மின்னணுக் கருவிகளையும் கேமராவையும் துடைக்கும் சிஎஃப்சி திரவங்களை, கொண்டாட்டங்களில் அலறும் ஹாரன்களோடு சேர்த்துப் பெயர் சொல்லியே தடை செய்தது!

அடுத்து வந்தது எச்எஃப்சி-134ஏ. குளோரின் இல்லாததால் ஓசோன் தப்பியது. ஆனால் நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போலச் சுமார் 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கும். 2016ல் கிகாலியில் கூடிய நாடுகள் எச்எஃப்சி வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டன.

பல டப்பாக்கள் எச்எஃப்சி-152ஏ வாயுவுக்கு மாறின. சூடாக்கும் வேகம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆனால் இது எரியும். மிட்ஜ்லி இதை வைத்து அந்த வித்தையைக் காட்டியிருந்தால் முகம் கருகியிருக்கும். மூச்சில் இழுப்பதும் விளையாட்டல்ல. போதைக்காக இழுத்து, இதயம் நின்று இறந்தவர்கள் உண்டு. கருவியின் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஆறிய பிறகே அடிக்கச் சொல்லி டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் எச்சரிப்பது இதனால்தான்.