கெக்குலேயின் அலமாரி

திருநீற்றுப்பச்சிலையின் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால் வருவது ஒற்றை மணம் என்றே நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் லினலூல், சினியோல், மெத்தில் சாவிகால், யூஜினால் எனப் பல சேர்மங்கள் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் அடைபட்டிருக்கின்றன. இவற்றைப் பகுத்தறிந்த வரலாற்றில் ஓர் அலமாரிக்கு முக்கிய இடமுண்டு.

1879இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் ஓட்டோ வாலாக் மருந்தியல் வகுப்புகளை ஏற்க நேர்ந்தது. அங்கே ஆகஸ்ட் கெக்குலேயின் அலமாரியில் நறுமண எண்ணெய்க் குப்பிகள் நெடுங்காலம் தொடப்படாமல் கிடந்தன. ஆராய அனுமதி கேட்டபோது கெக்குலே ஏளனமாகச் சிரித்துச் சம்மதித்தார் என்பார்கள். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அன்று எண்ணெய்க்கு ஒரு பெயராகக் குவிந்திருந்த அந்தக் கலவைகளைத் தூய்மையாகப் பிரிப்பதே பெரும்பாடு.

வாலாக்கின் வழி பொறுமையின் வழி. மீண்டும் மீண்டும் வாலையில் வடித்தார். கைக்குப் பிடிபடாத திரவத்தைப் புரோமின் போன்றவற்றுடன் வினைபுரியச் செய்து படிகமாக்கி, உருகுநிலைகளை ஒப்பிட்டார். சிட்ரீன், ஹெஸ்பெரிடீன், கார்வீன் என்று உலவிய மூன்றும் லிமோனீன் என்ற ஒரே பொருளே என்பது தெரியவந்தது. நீலகிரித் தைலத்தில் மூக்கைத் துளைக்கிறதே, அந்தச் சினியோலுக்குப் பெயரிட்டவரும் அவரே. 1887இல், இவ்வகைச் சேர்மங்கள் ஐந்து கார்பன் கொண்ட ஐசோப்ரீன் அலகுகளால் ஆனவை என்ற கருத்தை முன்வைத்தார். 1910இல் நோபல் பரிசு பெற்றார்.

அந்த அளவுகோலை நம் பச்சிலைமீது வைத்துப் பார்த்தால், லினலூலும் சினியோலும் கச்சிதமாகப் பொருந்துகின்றன: பத்து கார்பன், இரண்டு அலகு. மெத்தில் சாவிகாலுக்கும் யூஜினாலுக்கும் அதே பத்து கார்பன்தான். ஆனால் எண்ணிக்கை ஏமாற்றுகிறது. அவற்றின் நடுவே இருப்பது பென்சீன் வளையம்; 1865இல் கெக்குலே முன்மொழிந்த அதே வளையம்! (குப்பிகளைத் திறக்காதவரின் வடிவம் குப்பிக்குள்ளேயே இருந்திருக்கிறது.) செடி இவற்றை ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தொடங்கிச் செய்கிறது, ஒன்பது கார்பன் கொண்ட சட்டகத்தில், பத்தாவது ஆக்சிஜன் வழியாக ஒட்டிக்கொள்கிறது.

எந்தக் குடும்பம் ஓங்குகிறதோ அதற்கேற்ப மணமும் மாறும். ஐரோப்பிய வகை எண்ணெயில் லினலூல் மிகுதி. ரீயூனியன் தீவு வகையில் மெத்தில் சாவிகால். வேறு சிலவற்றில் யூஜினால். தாவரவியல் பெயரோ ஒன்றுதான். பெயரை நம்பி எண்ணெய் வாங்குபவர் ஏமாறக்கூடும்.

கிராம்புத் தைலத்தைப் பல்லில் வைத்தவர்களுக்கெல்லாம் யூஜினால் பழக்கமானதே. ஆயினும் செடி அதை எப்படி உருவாக்கி முடிக்கிறது என்பது 2006இல்தான் தெளிவாயிற்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈரான் பிச்செர்ஸ்கி குழுவினர், கோனிஃபெரில் ஆல்கஹாலின் எஸ்டரை யூஜினாலாக மாற்றும் நொதியை இதே பச்சிலையில் கண்டறிந்தனர். அந்தக் கோனிஃபெரில் ஆல்கஹாலைக் கொண்டுதான் மரங்கள் தம் கட்டைக்கு உறுதி தரும் லிக்னினைச் செய்துகொள்கின்றன.