கலவையும் சேர்மமும்: வேறுபாடு அறியப்பட்ட வரலாறு

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்கள் வேதி மாற்றம் இன்றிக் கலந்திருப்பது கலவை எனப்படும். தனிமங்கள் வேதிவினையின் மூலம் இணைந்து, குறிப்பிட்ட நிறை விகிதத்தில் உருவாகும் புதிய பொருள் சேர்மம் எனப்படும். இவ்வரையறைகளைப் பள்ளி மாணவர்கள் ஒரே பாடவேளையில் கற்றுவிடுகின்றனர். ஆனால் இந்த வேறுபாட்டை நிலைநாட்ட வேதியியலாளர்களுக்கு நெடுங்காலம் தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சைச் சேர்ந்த இரு வேதியியலாளர்களிடையே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நடந்த விவாதமே இதற்கு அடித்தளமாக அமைந்தது.

இரும்பும் கந்தகமும்

இவ்வேறுபாட்டைக் காட்டப் பள்ளிகளில் பெரும்பாலும் செய்யப்படும் சோதனை இரும்புத் தூளையும் கந்தகத்தையும் கொண்டது. இரண்டையும் கலந்து வைத்தால் காந்தத்தால் இரும்பைப் பிரித்தெடுக்கலாம். கார்பன் டைசல்பைடில் கந்தகம் மட்டும் கரையும். நீர்த்த அமிலம் சேர்த்தால் மணமற்ற ஹைட்ரஜன் வெளிவரும். அதே கலவையைச் சூடாக்கினால் ஓரிடத்தில் செந்நிறத் தணல் தோன்றும். அடுப்பை விலக்கிய பின்னும் தணல் தானே பரவும். இவ்வினை வெப்பத்தை வெளியிடுவதே அதற்குக் காரணம். எஞ்சும் கருநிறப் பொருள் இரும்பு சல்பைடு. இதில் அமிலம் சேர்த்தால் அழுகிய முட்டை மணமுடைய ஹைட்ரஜன் சல்பைடு வெளிவரும்.

இவ்விரு பொருள்களின் வினை பழங்காலத்திலேயே கவனத்தை ஈர்த்தது. 1700இல் நிக்கோலா லெமரி என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இரும்புத் தூளையும் கந்தகத்தையும் நீரில் பிசைந்து மண்ணில் புதைத்தார். சில மணி நேரத்தில் மண் சூடேறிப் பிளந்து புகை எழுந்தது. எரிமலைகளும் இவ்வாறே தோன்றுகின்றன என அவர் கருதினார். அந்த விளக்கம் தவறானது. ஆயினும் கலப்பதும் இணைவதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதை அச்சோதனை கண்கூடாகக் காட்டியது.

புரூஸ்டின் ஆய்வுகள்

ஜோசப் லூயி புரூஸ்ட் (1754-1826) பிரான்சில் பிறந்து, ஸ்பெயினில் செகோவியாவிலும் பின்னர் மாட்ரிட்டிலும் பணியாற்றியவர். 1799இல் அவர் செம்புக் கார்பனேட்டைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். செம்பை அமிலத்தில் கரைத்துக் கார்பனேட்டாக வீழ்படிவாக்கினால் 100 பங்கு செம்பிலிருந்து 180 பங்கு பச்சை நிறப் பொருள் கிடைப்பதை அவர் கண்டார். இன்றைய அணு நிறைகளின்படி இது சுமார் 174 ஆக இருக்க வேண்டும். அக்காலத் தராசுகளையும் முறைகளையும் நோக்க இது நெருங்கிய அளவே. ஆய்வகத்தில் உருவான பொருளும் சுரங்கத்தில் கிடைத்த மலகைட்டும் ஒரே விகிதத்தைக் கொண்டிருந்ததே முக்கியமான முடிவு. சேர்மம் எங்கு, எவ்வாறு உருவானாலும் அதிலுள்ள தனிமங்களின் நிறை விகிதம் மாறாது என்ற மாறா விகித விதி இதிலிருந்து பிறந்தது.

பெர்தோலேயின் மறுப்பு

கிளாட் லூயி பெர்தோலே (1748-1822) அக்காலத்தின் புகழ்பெற்ற வேதியியலாளர்களுள் ஒருவர். 1798இல் நெப்போலியனுடன் எகிப்து சென்ற அவர், அங்குள்ள உப்பு ஏரிகளின் கரையில் சோடியம் கார்பனேட் படிந்திருப்பதைக் கண்டார். ஆய்வகத்தில் சோடியம் கார்பனேட்டும் கால்சியம் குளோரைடும் வினைபுரிந்து சுண்ணாம்புக் கல்லையும் சாதாரண உப்பையும் தரும். ஏரிகளிலோ உப்பும் சுண்ணாம்புக் கல்லும் மிகுதியாக இருந்ததால் வினை எதிர்த்திசையில் நடந்திருந்தது. ஒரு வினையின் திசையைப் பொருள்களின் அளவும் தீர்மானிக்கிறது என அவர் முடிவு செய்தார். இது சரியான கருத்தே. வேதிச் சமநிலை பற்றிய பிற்கால ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தின.

ஆனால் அவர் ஒரு படி மேலே சென்று, பொருள்களின் அளவுக்கேற்பச் சேர்மத்தின் இயைபும் மாறும் என்றார். உலோகக் கலவைகள், கண்ணாடி, கரைசல்கள், காற்றில் சூடாக்கப்படும் உலோகங்களின் ஆக்சைடுகள் ஆகியவற்றைச் சான்றாகக் காட்டினார். இவற்றில் எல்லாம் விகிதம் தொடர்ச்சியாக மாறியது.

புரூஸ்ட் இச்சான்றுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். கண்ணாடியும் கரைசலும் உண்மையான சேர்மங்கள் அல்ல என்றார். வெள்ளீயத்துக்கு இரண்டு ஆக்சைடுகள் மட்டுமே உள்ளன, இடைப்பட்டவை இவ்விரண்டின் கலவைகள் என்றும் காட்டினார். விகிதம் மாறுபட்டால் அங்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் உள்ளன என்பதே அவர் வாதம்.

இவ்வாதத்தில் ஒரு சிக்கல் இருந்தது. விகிதம் மாறும் பொருள்களையெல்லாம் கலவை என ஒதுக்கிவிட்டால் விதி ஒருபோதும் தோற்காது. எனவே வெறும் வரையறையால் இவ்விவாதத்தை முடிக்க இயலாது. இடைப்பட்ட பொருள்களைப் பிரித்துக் காட்ட முடிந்ததே புரூஸ்டின் வலிமை. இருவரும் இறுதிவரை ஒருவரையொருவர் மதித்தே எழுதினர்.

டால்டனின் விளக்கம்

வெள்ளீயத்தின் ஓர் ஆக்சைடில் ஆக்சிஜன் 11.9 விழுக்காடு, மற்றொன்றில் 21.2 விழுக்காடு. இந்த எண்களுக்கு இடையே எளிய தொடர்பு எதுவும் தெரியாது. ஆனால் 100 கிராம் வெள்ளீயத்துடன் இணையும் ஆக்சிஜனைக் கணக்கிட்டால் முறையே 13.5 கிராம், 27 கிராம் எனக் கிடைக்கும். அதாவது ஒன்று மற்றதன் இருமடங்கு. புரூஸ்ட் தம் முடிவுகளை விழுக்காட்டில் எழுதியதால் இத்தொடர்பு அவருக்குப் புலப்படவில்லை. இத்தகைய எளிய விகிதங்களை ஜான் டால்டன் அணுக்கொள்கையால் விளக்கினார். 1808இல் அவருடைய நூல் வெளிவந்தது. அணுக்கள் முழு எண்ணிக்கையில் மட்டுமே இணையும் என்பதால் சேர்மத்தில் விகிதம் மாறாதிருப்பதற்குக் காரணம் கிடைத்தது. ஸ்வீடனைச் சேர்ந்த பெர்சிலியஸின் துல்லியமான பகுப்பாய்வுகள் இதற்கு மேலும் வலுச் சேர்த்தன.

விகிதம் மாறாத கலவைகள்

விகிதம் மாறாமலிருப்பது மட்டும் சேர்மத்துக்குச் சான்றாகாது. 1804இல் கே-லூசாக் பலூனில் சுமார் 7,000 மீட்டர் உயரம் சென்று காற்றைச் சேகரித்தார். அதன் இயைபு பாரிசின் காற்றைப் போன்றே இருந்தது. ஆயினும் காற்று ஒரு கலவையே. நீரில் கரைந்துள்ள காற்றை வெளியேற்றி அளந்தால் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும். சாதாரணக் காற்றிலோ அது ஐந்தில் ஒரு பங்கு. சேர்மமாக இருந்தால் கரையும்போது விகிதம் மாறியிருக்காது.

ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசல் இன்னும் ஏமாற்றும். சுமார் 20 விழுக்காடு அமிலம் உள்ள கரைசல் 108 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேல், ஒரே வெப்பநிலையில், இயைபு மாறாமல் கொதிக்கும். இதைச் சேர்மம் எனச் சிலர் கருதினர். அழுத்தத்தை மாற்றினால் இந்த இயைபும் மாறுவதை 1860ஐ ஒட்டி ஹென்றி ராஸ்கோ காட்டினார். இது இன்று கொதிநிலை மாறா கலவை என வழங்கப்படுகிறது.

பெர்தோலேயின் மறுவருகை

20ஆம் நூற்றாண்டில், விகிதம் சற்றே மாறக்கூடிய திண்மச் சேர்மங்கள் அறியப்பட்டன. ரஷ்ய வேதியியலாளர் குர்னகோவ் இவற்றுக்குப் பெர்தோலேயின் நினைவாகப் பெர்தோலைடுகள் எனப் பெயரிட்டார். இரும்பின் ஓர் ஆக்சைடில் 100 ஆக்சிஜன் அணுக்களுக்கு ஏறத்தாழ 95 இரும்பு அணுக்களே உள்ளன. படிக அமைப்பில் சில இரும்பு அணுக்களின் இடம் காலியாக இருப்பதே காரணம்.

இரும்பு சல்பைடும் இவ்வகையைச் சார்ந்தது. பள்ளிச் சோதனைக்கு 7 கிராம் இரும்பும் 4 கிராம் கந்தகமும் எடுக்குமாறு கூறப்படுவது ஒன்றுக்கு ஒன்று என்ற அணு விகிதத்தின் அடிப்படையில். ஆனால் கிடைக்கும் பொருளில் இரும்பு சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். அத்தகைய சல்பைடுகளில் ஒருவகை காந்தத்தால் ஈர்க்கப்படும். வினைபுரியாத இரும்பு எஞ்சியிருந்தாலும் காந்தம் ஈர்க்கும்.

ஆகவே, சூடாக்கிய பொருள் காந்தத்தில் ஒட்டுவதைக் காணும் மாணவர், சோதனை தவறிவிட்டது எனக் கருதி "ஒட்டவில்லை" என எழுத வேண்டியதில்லை. கண்டதையே எழுதி, பொருளைத் தூளாக்கி, இரும்பு தனியே பிரிகிறதா என மீண்டும் பார்க்கலாம். 10 கிராம் இரும்பும் 4 கிராம் கந்தகமும் எடுத்துச் செய்தால் சுமார் 3 கிராம் இரும்பு மிஞ்ச வேண்டும் என்பதையும் ஆசிரியருடன் விவாதிக்கலாம். ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயு என்பதாலும், கார்பன் டைசல்பைடு எளிதில் தீப்பற்றும் என்பதாலும், இச்சோதனைகளைக் காற்றோட்டமுள்ள இடத்தில் ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே செய்ய வேண்டும்.

காந்தம், கரைப்பான், கொதிநிலை, நிறை விகிதம் ஆகியவற்றுள் எந்த ஒரு சோதனையும் தனித்து முடிவு தராது. பல சோதனைகளின் முடிவுகள் ஒத்துப்போகும்போதே ஒரு பொருள் கலவையா சேர்மமா என உறுதியாகக் கூற இயலும்.