புளி போட்டுத் தேய்த்த ரஷ்யக் காசு

இங்கே புனேயில் ஜூனா பஜார் என்று ஒரு பழைய சாமான் சந்தை உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவில் ஒரு ரஷ்யச் செப்புக் காசு கிடந்தது. நம்முடைய பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம் ஐந்தாறு சேர்ந்த கனம். ஒரு பக்கம் இரட்டைத்தலைக் கழுகு. அதற்கு அடியில் வேறு ஏதோ கோடுகள் குழம்பித் தெரிந்தன. "அச்சு சரியில்லை சார், விலையைக் குறைச்சுத் தர்றேன்" என்று கடைக்காரரே சொன்னார்.

வீட்டுக்கு வந்து நான் செய்ததுதான் தப்பு. குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் புளி போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டேன். காசு பளபளவென்று ஆனது. கோடுகள் பாதி மழுங்கிப் போயின.

அந்தக் கோடுகள்தான் விஷயமே என்று பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பழைய ரஷ்யச் செப்புக் காசைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கணக்கு போதும். பூட் என்பது அவர்களுடைய எடை, சுமார் 16.38 கிலோ. ஒரு பூட் செம்பில் எத்தனை ரூபிளுக்குக் காசு அடிக்கிறார்கள்? முதலாம் பீட்டர் 1700ல் செப்புக் காசு தொடங்கியபோது 12 ரூபிள் 80 கோபெக். 1704ல் 20 ரூபிள். 1718ல் 40 ரூபிள்! செம்பு அதே செம்புதான், எழுதிய தொகைதான் ஏறியது. 1723ல் வந்த ஐந்து கோபெக் காசும் இதே கணக்குதான். செம்பின் சந்தை விலை அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. விளைவு? கள்ளக்காசு வெள்ளமாக வந்தது.

அவர்களுக்கு இது புதுப் பாடமும் இல்லை. பீட்டரின் அப்பா ஜார் அலெக்ஸி, போலந்துப் போர்ச் செலவுக்காக 1655ல் வெள்ளிக் கோபெக்கைப் போலவே செம்பில் அடித்து, இரண்டும் ஒரே மதிப்பு என்றார். சம்பளம் செம்பில், வரி மட்டும் வெள்ளியில். நம் ஊரில் இதற்கு என்ன பெயர் வைப்போம் என்று உங்களுக்கே தெரியும். 1662ல் மாஸ்கோ மக்கள் கலகம் செய்தார்கள். அதை ரத்தத்தில் அடக்கினார்கள். ஆனால் அடுத்த வருடமே செப்புக் காசைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதற்குள் ஒரு வெள்ளிக் கோபெக்குக்குச் சுமார் 15 செப்புக் கோபெக் என்று ஆகியிருந்தது.

இப்போது என் காசுக்கு வருகிறேன். எலிசபெத் மகாராணி 1757ல் பூட்டுக்கு 16 ரூபிள் என்று வைத்தார். அந்தக் கணக்கில் ஐந்து கோபெக் காசு சுமார் 51 கிராம். 1762ல் மூன்றாம் பீட்டர் வந்தார். ஏழாண்டுப் போரில் கஜானா வறண்டிருந்தது. பூட்டுக்கு 32 ரூபிள் என்றார். புதுச் செம்பு தேவையே இல்லை. பழைய ஐந்து கோபெக்கின் மேல் கொடியும் முரசும் போட்ட பத்து கோபெக் அச்சை அடித்தால் முடிந்தது. ஆனால் அவரே ஆறு மாதம்தான் நின்றார். மனைவி காதரின் அவரைக் கவிழ்த்து அரியணை ஏறினார். பழையபடி 16 ரூபிள் என்றார். 1763 முதல் அந்தப் பத்து கோபெக்குகள் மறுபடி அச்சுக்குப் போய் ஐந்து கோபெக்காகத் திரும்பின.

அதாவது ஒரே செப்பு வட்டு: ஐந்து, பத்து, மறுபடி ஐந்து. என் காசின் கழுகுக்கு அடியில் தெரிந்தவை மூன்றாம் பீட்டரின் கொடிகள்!

சேகரிப்பவர்கள் கழுகின் இருபுறமும் உள்ள எழுத்துகளைப் பார்த்து மாஸ்கோவா, பீட்டர்ஸ்பர்க்கா, யெகாதெரின்பூர்க்கா என்று வகை பிரிப்பார்கள். விளிம்பின் வேலைப்பாட்டையும் பார்ப்பார்கள். அதைவிட ஆசையாகத் தேடுவது இப்படி அடியிலிருந்து எட்டிப் பார்க்கும் பழைய அச்சைத்தான்.

வேடிக்கை என்னவென்றால், கணவர் செய்ததை ரத்து செய்த அதே காதரின், 34 வருடம் கழித்து 1796ல் தானும் 32 ரூபிள் கணக்குக்கே போனார். அவர் இறந்ததும் மகன் பால் அதை மாற்றினார். மறுபடி அச்சு, மறுபடி ஐந்து. கடன் ஏறினால் யார் நாற்காலியில் இருந்தாலும் கை அதே இடத்துக்குத்தான் போகிறது.

இருபத்திரண்டு வருடம் வங்கியில் இருந்தவனுக்கு ஒன்று தெரியும். லெட்ஜரில் ஒரு தொகையைத் திருத்தினால் பழைய எண் படிக்கும்படி ஒற்றைக் கோடுதான் போடவேண்டும், பக்கத்தில் கையெழுத்து வேண்டும். சுரண்டி அழிக்கக் கூடாது. அந்த நாணயச்சாலை ஆட்கள் அவசரத்தில் சரியாக அடிக்காததால், தெரியாமலே இந்த விதியைக் காப்பாற்றிவிட்டார்கள். 250 வருடம் பிழைத்த அந்தப் பழைய பதிவை அழித்தது ஒரு பி.காம். ஆபீசரும் எலுமிச்சை அளவு புளியும்.

காசை ஒரு காகித உறையில் போட்டு வைத்திருக்கிறேன். மேலே "தேய்க்கப்பட்டது" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் தாத்தா வைத்துவிட்டுப் போன காசு ஏதாவது இருந்தால், தயவுசெய்து அழுக்கோடே வைத்திருங்கள்.