சிங்கப்பூர் – நியூயார்க் வான்வழித் தூரமும் பயண நேரமும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வான்வழித் தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். எங்கும் இறங்காமல் செல்லும் விமானம் இதைக் கடக்கப் பதினெட்டரை முதல் பத்தொன்பது மணி நேரம் ஆகிறது. 2020 நவம்பரில் தொடங்கிய இச்சேவை, உலகின் இடைநில்லாப் பயணிகள் விமானச் சேவைகளில் மிக நீளமானது.

இந்தத் தூரத்தை எவரும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும், நியூயார்க் மேற்கு 74 பாகையிலும் இருக்கின்றன. கூட்டினால் 178. அதாவது இரண்டு ஊர்களும் உருண்டையின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளன. அதனால் குறுகிய வழி கிழக்கிலும் இல்லை, மேற்கிலும் இல்லை. நேர் வடக்கே ஏறி, வடதுருவத்தை ஒட்டி மறுபுறம் இறங்குகிறது. சிங்கப்பூரிலிருந்து துருவம் 88.6 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க் 49.4 பாகை, மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் மேற்சொன்ன தூரம் கிடைத்துவிடும். சுவரில் மாட்டிய தட்டையான உலகப்படத்தில் அளவுகோல் வைத்துப் பார்ப்பவருக்கு இந்த வழி புலப்படவே புலப்படாது.

ஆனால் விமானங்கள் எப்போதும் இந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை. பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 300 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். நியூயார்க் செல்லும் விமானங்கள் இதைத் துணையாகக் கொள்ள ஜப்பானை ஒட்டி வட பசிபிக்கைக் கடப்பதுண்டு. 15,350 கிலோமீட்டரை 900 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 17 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். 16,000 கிலோமீட்டர் சுற்றுவழியானாலும், காற்று சராசரியாக 50 கிலோமீட்டர் வேகம் கூட்டினால் 16 மணி 50 நிமிடம் போதும். மேலேறுவது, இறங்குவது, ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, காற்றின் மாறுதலுக்கு விடும் இடைவெளி எல்லாம் சேர்ந்துதான் அட்டவணை நேரம் அமைகிறது.

இத்தனை நேரம் பறப்பதில் உண்மையான சிக்கல் எரிபொருள்தான். கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளை முதல் பதினேழு மணி நேரமும் சுமக்க வேண்டும். அந்தச் சுமைக்கே தனியாக எரிபொருள் செலவாகும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004 ஜூனில் நியூயார்க்கை அடுத்த நெவார்க்குக்கு நான்கு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்தில் தொடங்கிய சேவை, 2013 நவம்பரில் நின்றது. 2018 அக்டோபரில் இரண்டு எஞ்சின் கொண்ட ஏ350-900 யுஎல்ஆர் என்னும் மிக நீண்ட தூர வகை விமானத்தோடு அது மீண்டும் தொடங்கியது. இந்த விமானத்தின் தொட்டிகள் 1,65,000 லிட்டர் கொள்ளும். முழுக்க நிரப்பினால் எரிபொருள் மட்டும் சுமார் 130 டன். புறப்படும்போது இருக்கக்கூடிய 280 டன் எடையில் ஏறத்தாழ பாதி. எடையைக் குறைக்க 161 இருக்கைகளே உள்ளன. சாதாரண எகானமி வகுப்பு கிடையாது. நான்கு விமானிகள் முறைவைத்து ஓய்வெடுக்கிறார்கள்.

சிங்கப்பூர் நேரம் நியூயார்க்கைவிட 13 மணி நேரம் முன்னால். அமெரிக்கக் கோடைக்கால நேரத்தில் 12. ஜனவரியில் நள்ளிரவு 12 மணிக்குச் சிங்கப்பூரில் கிளம்பிப் பதினெட்டரை மணி நேரம் பறப்பவர், அதே தேதி காலை ஐந்தரைக்கு நியூயார்க்கில் இறங்குவார். திரும்பும்போது இரவு பத்து மணிக்கு ஏறுபவர் சிங்கப்பூரை அடைவது மூன்றாம் நாள் காலை; நடுவில் உள்ள நாள் வானத்திலேயே கழிந்துவிடும்.

ஃபிராங்ஃபர்ட் வழியாகச் சென்றால் தூரம் சுமார் 16,500 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே இறங்கி ஏறும் நேரத்தையும் சேர்த்துப் பயணம் ஏறத்தாழ ஒரு முழு நாளாகிறது.